டாஷ்னர் எழுதிவைத்த குறிப்பு

சித்திரவதைக்காக வாதிடுகிறவர்கள் எப்போதும் வெடிகுண்டுக் கதையைத்தான் எடுப்பார்கள். ஊரில் எங்கோ குண்டு இருக்கிறது, வைத்தவன் பிடிபட்டுவிட்டான், வாய் திறக்க மறுக்கிறான். அவனை அடித்தால் ஆயிரம் பேர் பிழைப்பார்கள் என்றால் அடிக்கலாமா? கேட்கிற விதத்திலேயே பதிலையும் சொல்லிவிடுகிற கேள்வி இது. உண்மையில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். சித்திரவதைக்கு இதைவிடச் சாதகமான வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

2002 செப்டம்பர் 27 அன்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில், வங்கியாளர் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் கடத்தப்பட்டான். வயது 11. கடத்தியவர் சட்டம் படித்துக்கொண்டிருந்த இளைஞர். பத்து லட்சம் யூரோ பணயத்தொகையை அவர் எடுத்துச் சென்றதைப் போலீஸ் மறைந்திருந்து பார்த்தது. பிறகு கைது செய்தது. ஆள் இவர்தான் என்பதில் சந்தேகமே இல்லை. சிறுவன் எங்கே என்று கேட்டால் மட்டும் பொய்க்கு மேல் பொய். அக்டோபர் 1 காலை, நகரப் போலீஸ் துணைத் தலைவர் வோல்ஃப்காங் டாஷ்னர் உத்தரவிட்டார்: முதலில் வலி தரப்போவதாக மிரட்டுங்கள், பேசாவிட்டால் மருத்துவர் மேற்பார்வையில், காயம் படாமல், வலி கொடுங்கள். மிரட்டலே போதுமாக இருந்தது. சில நிமிடங்களில் அந்த இளைஞர் இடத்தைச் சொல்லிவிட்டார். அங்கே கிடைத்தது உடல்தான். சிறுவனைக் கடத்திய அன்றே கொன்றிருந்தார்.

டாஷ்னரின் பக்கத்து நியாயத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. கடத்தியவனின் உடம்பு புனிதம், குழந்தையின் உயிர் இரண்டாம்பட்சம் என்று எந்தப் பெற்றோரிடம் போய்ச் சொல்வது? ஜெர்மனியில் பலர் அவரை ஆதரித்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்த நியாயம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: குழந்தை உயிரோடு இருக்கிறது. இவ்வளவு தெளிவான வழக்கிலேயே அது பொய்த்துப்போனது. அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்துத்தானே முடிவெடுக்க முடியும் என்பார்கள். சரிதான். அப்படியானால் இவர்கள் கேட்பது, உறுதியாகத் தெரிந்தபோது வலி கொடுக்க அனுமதி அல்ல. தெரிந்ததாக நம்பும்போது வலி கொடுக்க அனுமதி. எவ்வளவு நம்பினால் போதும்? எந்த அதிகாரி நம்பினால் போதும்? வெடிகுண்டுக் கதையில் இந்தக் கேள்விகளே எழாது. கதை சொல்கிறவருக்கு எல்லாம் முன்பே தெரியும்.

அந்த உத்தரவில் என்னை மிகவும் உறுத்துவது மருத்துவர். ஆத்திரத்தில் ஓங்கிய கை அல்ல இது, ஏற்பாடு. தடயம் இல்லாமல் வலி கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும், பக்கத்தில் நின்று பார்க்க மருத்துவம் படித்தவர் வேண்டும். அந்தத் திறமை பழகாமல் வராது. ஆகவே ஒரே ஒரு முறைக்கென்று கேட்கப்படும் அனுமதி, அந்த ஒரு முறையோடு நிற்பதில்லை. இஸ்ரேலில் 1987இல் லாண்டாவ் ஆணையம் விசாரணையில் மிதமான உடல் அழுத்தத்தை ஏற்றுக்கொண்டது. அது அன்றாட வழக்கமாகிப்போய், கைதிகளைப் பிடித்து உலுக்குவதையும், தலையில் சாக்கை மாட்டிச் சிறிய நாற்காலியில் கட்டிவைப்பதையும் 1999இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்ய வேண்டிவந்தது.

2004 டிசம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் டாஷ்னரைக் குற்றவாளி என்றது; ஆனால் 10,800 யூரோ அபராதத்தை நிறுத்திவைத்து, எச்சரிக்கையோடு விட்டது. 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், நடந்தது மனிதத்தன்மையற்ற செயல் என்றும் தண்டனை வெறும் பெயரளவுக்குத்தான் என்றும் குறை சொன்னது. நான் இதில் கீழ் நீதிமன்றத்தின் பக்கம். தவறு தவறுதான், செய்தவரின் நெருக்கடியும் உண்மை. இரண்டையும் அந்தத் தீர்ப்பு பார்த்தது. சட்டத்தை மாற்றி அனுமதி தருவதைவிட, சட்டத்தை மீறியவர் கூண்டில் ஏறி விளக்கம் சொல்வது எவ்வளவோ மேல்.

இந்த வழியிலும் ஒரு பெரிய குறை உண்டு. தான் இட்ட உத்தரவை டாஷ்னரே கோப்பில் எழுதிவைத்தார். வழக்கு நடந்ததே அதனால்தான். நம்மூரில் கைதிக்குக் கை உடைந்தால் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகத்தான் எழுதுவார்கள். மாவுக்கட்டோடு வரும் படத்தைப் பார்த்துச் சிரிக்கவும் பழகிவிட்டோம். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் கைதுசெய்யப்பட்டது, ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்துவைத்திருந்தார்கள் என்று. இருவரும் காவலில் இறந்தார்கள். அங்கே எந்தக் குழந்தையின் உயிரும் ஊசலாடவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா அதை இன்னும் உறுதிப்படுத்தவில்லை. என்றோ வெடிக்கப்போகும் குண்டை நினைத்தா, ஸ்டேஷனில் அன்றாடம் நடப்பதை நினைத்தா என்று தில்லியைக் கேட்க வேண்டும்.