முந்துவதற்கு ஒரு சலுகை: டி.ஆர்.எஸ். தந்ததும் பறித்ததும்

2022 சவூதி அரேபிய கிராண்ட் பிரீயின் கடைசிச் சுற்றுகள். முதலிடத்துக்காக மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் சார்ல் லெக்லெர்க்கும் மல்லுக்கட்டுகிறார்கள். ஜெட்டா தடத்தின் கடைசி வளைவு நெருங்கும்போது இருவருமே முன்கூட்டியே பிரேக்கை மிதிக்கிறார்கள். வெர்ஸ்டாப்பனின் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்கிறது. அந்த வளைவுக்கு முன்னால் ஒரு கோடு இருக்கிறது. அதை இரண்டாவதாகக் கடப்பவருக்குத்தான் அடுத்து வரும் நீண்ட நேர்ப்பாதையில் பின்இறக்கையைத் திறக்கும் உரிமை. அதனால், யார் முந்துவது என்று நடக்க வேண்டிய பந்தயம் அந்தச் சில நொடிகளுக்கு யார் பிந்துவது என்று நடந்தது.

ஃபார்முலா 1 பந்தயத்தில் 2011 முதல் 2025 வரை இருந்த டி.ஆர்.எஸ். (காற்றுத்தடைக் குறைப்பு அமைப்பு) என்ற ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் இந்தக் காட்சியில் சேர்ந்தே தெரிகின்றன. கடைசிவரை முடிவு தெரியாத பந்தயத்தை நமக்குத் தந்தது அதுதான். ஓட்டுநர்களைப் பந்தயத்தின் இயல்புக்கு எதிராக நடக்க வைத்ததும் அதுதான்.

முந்துவது ஏன் இவ்வளவு கடினமானது? முதல் காரணம் காற்று. ஃபார்முலா 1 கார் வளைவுகளில் அசுர வேகத்தில் திரும்புவதற்கு அதன் இறக்கைகளும் அடித்தளமும் காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்துவதே காரணம். அந்த வேலை நடக்கச் சீரான காற்று வேண்டும். முன்னால் போகும் காரோ தன் பின்னால் சுழலும் கலங்கிய காற்றை விட்டுச் செல்கிறது. நேர்ப்பாதையில் அது பின்னால் வருபவருக்கு உதவிதான், எதிர்க்காற்று குறைகிறது. வளைவில் அதே காற்று அவர் காரின் பிடிமானத்தைப் பறிக்கிறது. 2021ஆம் ஆண்டுக் கார்கள் முன்னால் செல்லும் காரின் பின்னே 10 மீட்டர் தூரத்தில் வரும்போது தங்கள் அழுத்தத்தில் 46 விழுக்காட்டை இழந்தன என்பது ஃபார்முலா 1 நிர்வாகமே வெளியிட்ட கணக்கு. பிடிமானம் குறைந்தால் கார் சறுக்கும், டயர் சூடேறும், சூடேறிய டயர் மேலும் வழுக்கும். இரண்டு சுற்று நெருங்கி ஓட்டியவர் மூன்றாவது சுற்றில் தானாகவே விலக வேண்டியிருக்கும்.

அடுத்த காரணம் பிரேக். கார்பன் பிரேக்குகள் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தையும் மிகக் குறுகிய தூரத்தில் அடக்கிவிடுவதால், பிரேக் போடும் இடத்தில் எதிராளியைவிடத் தாமதமாக மிதித்து முந்தும் வாய்ப்பும் சுருங்கிவிட்டது. போதாக்குறைக்கு, 2017இல் கார்களின் அகலம் 1.8 மீட்டரிலிருந்து 2 மீட்டராக்கப்பட்டது.

இந்தச் சிக்கல் உலகப் பட்டத்தையே தீர்மானித்த நாள் 2010 அபுதாபி பந்தயம். போட்டியாளர் செபாஸ்டியன் வெட்டல் வென்றாலும், தான் நான்காவதாக வந்தால் சாம்பியன் என்ற நிலையில் இறங்கியவர் ஃபெராரியின் ஃபெர்னாண்டோ அலோன்சோ. அணி அவரை டயர் மாற்றச் சீக்கிரமே பிட்டுக்கு அழைத்தது. வெளியே வந்தவர் ரெனோ காரில் இருந்த விட்டாலி பெட்ரோவின் பின்னால் மாட்டிக்கொண்டார். சுமார் 40 சுற்றுகள் முயன்றும் முந்த முடியவில்லை. ஏழாவதாக முடித்து, நான்கு புள்ளி வித்தியாசத்தில் வெட்டலிடம் பட்டத்தை இழந்தார்.

மறு ஆண்டே டி.ஆர்.எஸ். களத்துக்கு வந்தது. விதி எளிது. குறிப்பிட்ட கோட்டைக் கடக்கும்போது முன்னால் போகும் காருக்கும் உங்களுக்கும் ஒரு நொடிக்குள் இடைவெளி இருந்தால், குறித்த நேர்ப்பாதையில் பின்இறக்கையின் மேல்தகட்டைத் திறக்கலாம். காற்றுத்தடை குறையும், வேகம் கூடும். அப்படி நெருக்கத்தில் தன் முன்னால் ஒரு கார் இல்லாதவர் இறக்கையைத் திறக்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டை ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது நியாயமாகாது. முன்னால் போவதாலேயே ஒருவருக்குக் கிடைக்கும் சீரான காற்று அவர் உழைத்துப் பெற்றதல்ல. அந்த ஓரவஞ்சனைக்கு டி.ஆர்.எஸ். ஓர் ஈடு. வேகமான கார் ஒரு தவறான பிட் முடிவால் பின்தங்கினாலும் மீண்டு வர வழி இருந்தது. அளவாக அமைந்த தடங்களில் அது நல்ல சண்டைகளையும் தந்தது. 2022 பஹ்ரைனில் வெர்ஸ்டாப்பன் முதல் வளைவில் முந்த, லெக்லெர்க் நான்காவது வளைவில் இடத்தைத் திரும்பப் பிடித்தார். இது அடுத்தடுத்த சுற்றுகளில் தொடர்ந்தது. முதலிடம் கைமாறும் என்று தெரிந்தே அதை எங்கே விட்டு எங்கே பிடிப்பது என்று லெக்லெர்க் கணக்குப் போட்டார். அங்கே டி.ஆர்.எஸ். ஓட்டுநரின் மூளைக்கும் வேலை கொடுத்தது.

குறைகள் அதைவிட ஆழமானவை. முதலாவது, தற்காப்பவருக்குப் பதில் சொல்ல வழியில்லை. இறக்கையைத் திறக்கும் பகுதி நீளமாக அமைந்துவிட்டால், பிரேக் போடும் இடம் வருமுன்னே பின்கார் கடந்து போய்விடுகிறது. கைகளைக் கட்டிப்போட்டவரோடு குத்துச்சண்டை போட்டு வெல்வதில் என்ன பெருமை? இரண்டாவது, ஐந்தாறு கார்கள் வரிசையாக ஒரு நொடி இடைவெளியில் ஓடும்போது முதல் காரைத் தவிர எல்லோருடைய இறக்கையும் திறக்கிறது. எல்லோருக்கும் சலுகை என்றால் யாருக்கும் சலுகையில்லை. வரிசை ரயில்பெட்டிகள்போல் அப்படியே நகர்கிறது.

மூன்றாவது, முந்த உதவ வந்த விதியே தடுக்கவும் பயன்பட்டது. 2023 சிங்கப்பூரில் ஃபெராரியின் கார்லோஸ் சைன்ஸ் முதலிடத்தில். பின்னால் லேண்டோ நாரிஸ். அவருக்கும் பின்னால் புதிய டயர்களோடு பாய்ந்து வந்தன ரஸ்ஸலும் ஹாமில்டனும் ஓட்டிய இரண்டு மெர்சிடிஸ் கார்கள். சைன்ஸ் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து நாரிஸை ஒரு நொடிக்குள் வைத்துக்கொண்டார். நாரிஸுக்கு இறக்கை திறந்தது, அதனால் அவரை மெர்சிடிஸ்கள் முந்த முடியவில்லை, சைன்ஸ் வென்றார். ஓட்டுநரின் சமயோசிதத்துக்கு அது உச்சம். விதியின் நோக்கத்துக்கோ அது நேர்எதிர்.

நான்காவதும் பெரியதுமான குறை, நோய்க்கான சிகிச்சையைத் தள்ளிப்போட விட்டதுதான். டி.ஆர்.எஸ். கையில் இருந்த தைரியத்தில்தான் 2017இல் அகலமான, அழுத்தம் கூடிய கார்களுக்கு அனுமதி கிடைத்தது என்பது என் எண்ணம். கலங்கிய காற்று பெருகியது, முந்தல்கள் வெகுவாகக் குறைந்தன. மூலகாரணத்தைத் தொட்டது 2022 விதிகள்தான். காரின் அடித்தளத்திலிருந்தே பெரும்பங்கு அழுத்தத்தை எடுக்கும் வடிவமைப்பில், 10 மீட்டர் தூரத்து இழப்பு 18 விழுக்காடாகக் குறையும் என்று காட்டினார்கள். முதல் ஆண்டில் கார்கள் உண்மையிலேயே நெருங்கி ஓடின. பிறகு அணிகள் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, பழைய புகார்களும் திரும்பின.

முந்தல்களை எண்ணி மட்டும் பந்தயத்தின் தரத்தை அளக்க முடியாது. 2005 இமோலாவில் மைக்கேல் ஷூமாக்கர் கடைசிப் பத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் அலோன்சோவை நிழல்போல் தொடர்ந்தார். அலோன்சோ ஒவ்வொரு வளைவிலும் காரை எங்கே நிறுத்தினால் வழி அடைபடும் என்று பார்த்துப் பார்த்து ஓட்டி, 0.215 நொடியில் வென்றார். கலங்கிய காற்று அவருக்குத் துணை நின்றது உண்மை. ஆனாலும் ஒரு பிழை செய்திருந்தால் அவர் கதை முடிந்திருக்கும். முந்தலே நிகழாத அந்தச் சண்டையை ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். அன்று டி.ஆர்.எஸ். இருந்திருந்தால் முதல் நேர்ப்பாதையிலேயே அது முடிந்து, மறுநாளே மறந்துபோயிருக்கும்.

இன்னொரு கோடியில் இருக்கிறது மொனாக்கோ. 2024இல் அங்கே முதல் பத்து இடங்களும் தொடங்கிய வரிசையிலேயே முடிந்தன. நீண்ட நேர்ப்பாதையே இல்லாத குறுகிய தெருவில் டி.ஆர்.எஸ். என்ன செய்யும்? 2025இல் இரண்டு பிட் நிறுத்தங்களைக் கட்டாயமாக்கினார்கள். சில அணிகள் ஒரு காரை மெதுவாக ஓட்டவிட்டுப் பின்னால் வருபவர்களை மறித்து, இன்னொரு காருக்கு நேரம் சேர்த்துக் கொடுத்தன. அடிப்படையைச் சரிசெய்யாமல் விதியை மட்டும் ஒட்டவைத்தால் இதுதான் நடக்கும்.

2026 விதிகள் டி.ஆர்.எஸ்.ஸுக்கு விடைகொடுத்திருக்கின்றன. காரின் அகலம் 10 சென்டிமீட்டர் குறைகிறது. நேர்ப்பாதையில் இறக்கைகளைத் தணிக்கும் உரிமை எல்லோருக்கும் பொது. ஒரு நொடிக்குள் நெருங்கி வருபவருக்குக் கூடுதல் மின்திறன் கிடைக்கும். சலுகை தொடரத்தான் செய்கிறது. ஆனால் முன்னால் இருப்பவரிடமும் பேட்டரி இருக்கிறது, அதை எங்கே சேமித்து எங்கே செலவிடுவது என்று அவரும் முடிவெடுக்கலாம். தாக்குபவருக்கு ஆயுதம் என்றால் தடுப்பவருக்கும் கேடயம் வேண்டும் என்ற நியாயம் இதில் ஓரளவு இருக்கிறது.

இனி வரும் எந்த விதியையும் இந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும். நெருங்கி ஓடக் காற்று அனுமதிக்கிறதா? முந்த வருபவர் எதையாவது பணயம் வைக்கிறாரா? தடுப்பவர் திறமையால் பதில் சொல்ல முடிகிறதா? முந்துதல் கடினமாகவே இருக்கட்டும். அந்தக் கடினம் எதிராளியின் கையிலிருந்து வர வேண்டும், அவருடைய காரின் பின்னால் சுழலும் காற்றிலிருந்து அல்ல.