கட்டைக் கோட்டையும் கற்பனை நாடும்

விளையாட்டுப் பொருளுக்குத் திறனாய்வு எதற்கு என்று கேட்பார் உளர். கவிதை, சிறுகதை, புதினம், நாடகம் ஆகியவற்றையன்றிப் பிறவற்றைத் திறனாய்வின் எல்லைக்குள் நாம் பெரும்பாலும் அழைப்பதில்லை. ஆயினும், ஒருவன் தன் உள்ளத்திற் கண்ட உலகத்தைப் பிறர் கண்முன் நிறுத்த முயல்வானாயின், அவன் கையாண்ட கருவி எழுதுகோலா, உளியா, நெகிழிக் கட்டையா என்பது இரண்டாவது கேள்வியே. அவன் நிறுத்திய உலகம் நிற்கிறதா என்பதே முதற் கேள்வி.

லெகோ கட்டைகளைக் கொண்டு இடைக்கால ஐரோப்பியக் கோட்டைகளையும், மந்திரவாதியரும் பறவை நாகங்களும் உலவும் கற்பனை நாடுகளையும் கட்டியெழுப்பும் முயற்சி இன்று பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. இதில் ஈடுபடுவோர் சிறுவர் மட்டுமல்லர். பகலெல்லாம் அலுவல் பார்த்துவிட்டு, இரவில் மேசையருகே அமர்ந்து மதில் எழுப்பும் பெரியோரும் பலர். நமக்கும் இது அயலான செய்தி அன்று. ஆசியாவின் முதல் லெகோலாந்து 2012ஆம் ஆண்டில் நம் ஜொகூர் மாநிலத்தில்தான் திறக்கப்பட்டது. அங்குள்ள கோட்டையை அண்ணாந்து பார்த்துத் திரும்பிய பிள்ளைகள் நம் தமிழ்ப்பள்ளிகளிலும் இருக்கின்றனர். ஆகவே, இக்கலையின் இயல்பு யாது, அதன் சிறப்பு எது, குறை எது என்று எண்ணிப் பார்த்தல் ஆசிரியர்க்கும் எழுத்தாளர்க்கும் பயன் தருவதாகும்.

கட்டையின் யாப்பு

டென்மார்க்கு நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில், ஓலே கிர்க் கிறிஸ்தியன்சன் என்ற தச்சர் 1932இல் தொடங்கிய மரவேலைத் தொழிலே லெகோ நிறுவனமாக வளர்ந்தது. 'நன்கு விளையாடு' என்னும் பொருள்படும் இரண்டு டேனியச் சொற்களின் சுருக்கமே அப்பெயர். மேலே குமிழும் உள்ளே குழாயும் கொண்டு ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் கட்டைக்கு 1958ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் காப்புரிமை கோரப்பட்டது. அன்று வார்க்கப்பட்ட கட்டை இன்று வார்க்கப்படும் கட்டையோடு பொருந்தும். பாட்டன் விட்ட இடத்திலிருந்து பேரன் கட்டலாம்.

இக்கட்டைக்குக் கண்டிப்பான அளவு உண்டு. ஒரு குமிழுடைய கட்டையின் அகலம் 8 மில்லிமீட்டர். குமிழ் நீங்கலாக உயரம் 9.6 மில்லிமீட்டர். மெல்லிய தட்டுகள் மூன்றை அடுக்கினால் ஒரு கட்டையின் உயரம் வரும். இவ்வரையறையை எவரும் மீற இயலாது. கட்டையை வெட்டுதலும், பசையிட்டு ஒட்டுதலும், வண்ணம் பூசுதலும் கூடா என்பது தேர்ந்த கட்டுநர் பலர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நெறி.

இதைக் காணும்போது எனக்கு நம் யாப்பிலக்கணமே நினைவுக்கு வருகிறது. அசை, சீர், தளை என்ற கட்டுப்பாடு புலவனின் கையைக் கட்டுவதுபோல் தோன்றும். உண்மையில் அவன் கற்பனையைக் கூர்மைப்படுத்துவதும் அதுவே. எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஆறினை, அவை யாவும் ஒரே நிறத்தனவாயினும், 915,103,765 வகையாக இணைக்கலாம் என்று கணித அறிஞர் கணக்கிட்டுள்ளனர். கட்டுப்பாடு வறுமை அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? கட்டையைப் பக்கவாட்டில் திருப்பிச் சுவரில் சிதைந்த கல்லின் தோற்றத்தை வருவிப்பதும், சிறு சரிவுத் துண்டுகளைக் கொண்டு பழங்கூரையின் மேடுபள்ளத்தைக் காட்டுவதும், பச்சைக் கொடித் துண்டை மதிலில் படரவிட்டு ஆண்டுகள் பல கடந்ததை உணர்த்துவதும் அந்த யாப்புக்குள் நின்றே செய்யப்படும் அணிகள்.

மஞ்சட் கோட்டையும் சாம்பற் கோட்டையும்

1978ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தன் முதற் பெருங் கோட்டையை வெளியிட்டது. 767 துண்டுகளும் 14 சிறு பொம்மை மாந்தரும் கொண்ட அக்கோட்டை முழுவதும் மஞ்சள் நிறம். அம்மாந்தர்க்கு இரு புள்ளிக் கண்களும் ஒரு புன்னகையுமே முகம். குதிரையைக்கூடச் சிறுவனே சிறு துண்டுகளால் கட்ட வேண்டியிருந்தது. 1984இல் சாம்பல் நிறக் கோட்டை வந்தது. குதிரையும் ஒரே வார்ப்பாக, உயிர்த்தோற்றத்துடன் வந்தது. 1993இல் மந்திரவாதியும் பறவை நாகமும் தோன்றினர். 2012இல் டோல்கீனின் புகழ்பெற்ற கற்பனை உலகம் கட்டை வடிவில் விற்பனைக்கு வந்தது. 2023இல் வெளியான அவ்வுலகின் ரிவென்டெல் மாளிகை மட்டும் 6,167 துண்டுகளால் ஆனது.

இவ்வளர்ச்சியைப் பலரும் 'உண்மைத் தன்மை'யின் வளர்ச்சி என்று பாராட்டுவர். மஞ்சட் கோட்டை குழந்தைத்தனமானது, சாம்பற் கோட்டையே உண்மையானது என்பது அவர்தம் கருத்து. இதனை நாம் அப்படியே ஏற்றல் இயலாது. இடைக்காலக் கோட்டைகள் பல, கட்டப்பட்ட காலத்தில் சுண்ணாம்பு பூசப்பெற்று ஒளிர்ந்தன. இலண்டன் கோட்டையின் நடுக்கோபுரத்திற்கு மூன்றாம் ஹென்றி மன்னன் 1240இல் வெள்ளையடிக்கச் செய்தான். 'வெள்ளைக் கோபுரம்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. சாம்பல் நிறம் கோட்டை வாழ்ந்த காலத்தின் நிறம் அன்று. பூச்சு உதிர்ந்து அது பாழான பின் நாம் கண்ட நிறம். எனவே, சாம்பற் கட்டையால் கட்டுபவர் இடைக்காலத்தைக் கட்டவில்லை. இடைக்காலத்தைப் பற்றிய நம் ஏக்கத்தையே கட்டுகிறார். அது தவறன்று. ஆனால் அதனை வரலாறு என்று மயங்குதல் தவறு.

குதிரையைப் பற்றியும் ஒரு சொல். வார்ப்புக் குதிரை அழகில் மேம்பட்டது, ஐயமில்லை. ஆயினும், எதைக் கொண்டு குதிரையின் கழுத்தை வளைப்பது என்று ஒரு குழந்தை திகைத்து நின்ற அந்தச் சிறு பொழுதை அது எடுத்துக்கொண்டது. கற்பனை பிறப்பது அத்தகைய திகைப்பில் அன்றோ?

திணை நோக்கில் ஒரு மதிப்பீடு

கற்பனைக் கதைகளைப் பற்றி 1939இல் ஸ்காட்லாந்தில் ஆற்றிய உரையொன்றில், டோல்கீன் படைப்பாளனைத் துணைப் படைப்பாளன் என்ற நிலையில் வைத்துப் பேசினார். அவன் ஆக்கும் இரண்டாம் உலகிற்குத் தன்னுள் முரணாத ஒழுங்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வொழுங்கை அளக்க அவர் கோல் ஒன்று. தொல்காப்பியம் நமக்குத் தந்த கோல் மற்றொன்று. முதல், கரு, உரி என்னும் மூன்றுமே அக்கோல்.

கட்டுநர் பலர் கூடி உருவாக்கிய ஹிஸ்டோரிக்கா என்னும் கற்பனை நிலத்தை எடுத்துக்கொள்வோம். அதில் அவலோனியா காடு சார்ந்த நாடு. மிட்கார்டியா வடக்கேயுள்ள பனிநாடு. கலிஃப்லின் தெற்கேயுள்ள பாலை. நாக்டர்னஸ் இருள் சூழ்ந்த நாடு. நிலத்தைக் கொண்டே உலகைப் பகுக்கும் இம்முறை, தமிழ் படித்தார்க்கு வியப்பையும் மகிழ்ச்சியையும் ஒருங்கே தரும். தமிழ் அறியாத கைகளும் நிலத்தையே முதலாகக் கொண்டன என்றால், அது மனித மனத்தின் பொது இயல்பு போலும்!

முதற்பொருளில் இக்கட்டுநர் குறை வைப்பதில்லை. பனிக்கு வெண்தட்டு, பாலைக்கு மணல்நிறத் தட்டு, அந்திக்கு ஏற்ற ஒளி என நிலமும் பொழுதும் கண்முன் நிற்கின்றன. கருப்பொருளிலும் அவர்கள் வல்லவர்கள். பனிநாட்டு வீட்டுக்குச் செங்குத்தான கூரை, பாலை நாட்டு வீட்டுக்குத் தட்டைக் கூரை. அந்தந்த நிலத்துக்குரிய மரம், விலங்கு, உணவு, தொழில் யாவும் உண்டு. ஆனால் உரிப்பொருள்? அங்கேதான் பெரும்பாலான படைப்புகள் தடுமாறுகின்றன. மதில் இருக்கிறது, மதிலுக்குள் யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பது இல்லை. படை அணிவகுத்து நிற்கிறது. போருக்குப் போனவனைப் பிரிந்தவள் இல்லை. கட்டுமானத்தின் நுட்பத்தை வியந்து நாம் கண்ணை எடுக்கும்போது, உள்ளத்தில் எடுத்துச் செல்ல ஒன்றுமில்லை.

சிறந்த படைப்புகள் இக்குறையை வெல்வது பேரளவால் அன்று. எரியாத அடுப்பருகே ஒருவன், பாதி திறந்த கதவு, இருவர் உண்ணும் மேசையில் மூன்றாவது கிண்ணம் - இத்தகைய ஒரு சிறு குறிப்புப் போதும். உள்ளுறை உணர்ந்த புலவன் செய்வதும் அதுவே.

கல் சுமந்தவர் எங்கே?

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். வேல்ஸ் நாட்டில் பியூமாரிஸ் என்னும் கோட்டையை முதலாம் எட்வர்டு மன்னன் 1295இல் கட்டத் தொடங்கினான். தலைமைக் கட்டுநர் ஜேம்ஸ் 1296இல் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. 400 கொத்தர், 2,000 எளிய தொழிலாளர், 200 கல்லுடைப்போர், 30 கொல்லர் ஆகியோர்க்குக் கூலி வேண்டும் என்று அவர் கணக்குக் காட்டியிருந்தார். பணம் போதாமையால் அக்கோட்டை இறுதிவரை முற்றுப்பெறவில்லை.

கட்டைக் கோட்டைகளில் அரசன் உண்டு, வீரன் உண்டு, காட்டு மறவன் உண்டு. அந்த இரண்டாயிரவர் எங்கே? நாற்பதாண்டுகளுக்கும் மேலாக விற்பனையான கோட்டைகளில் வாள் பிடித்த கைகளே மிகுதி. கரணை பிடித்த கைகள் அரிது. காலப்போக்கில் இந்நிலை ஓரளவு மாறியுள்ளது என்பதையும் மறைத்தல் கூடாது. 2022இல் வெளிவந்த 4,514 துண்டுகள் கொண்ட கோட்டையில் நீராலையும் மாட்டு வண்டியும் உழைக்கும் எளியோரும் இடம்பெற்றுள்ளனர். அரியணையில் அரசி வீற்றிருக்கிறாள். தனிக் கட்டுநரும் உலைக்களம், சந்தை, தோல் பதனிடும் கொட்டில் எனக் கட்டத் தலைப்பட்டுள்ளனர்.

இக்கேள்வியை நான் எழுப்பக் காரணம் உண்டு. இந்நாட்டில் காடழித்து, சாலையிட்டு, இருப்புப் பாதை பரப்பிய கைகளின் வழிவந்தோர் நாம். பாலத்தைத் திறந்து வைத்தவர் பெயர் கல்லில் இருக்கும். பாலத்தைக் கட்டியவர் பெயர் காற்றில் போகும். நம் பிள்ளைகள் ஒரு கோட்டையைப் பார்க்கும்போது, அது விளையாட்டுக் கோட்டையே ஆயினும், 'இதைக் கட்டியவர் யார், ஐயா?' என்று கேட்கக் கற்க வேண்டும்.

நான் கற்ற பாடம்

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் பிரெடரிக் புரோபெலைப் பற்றி நாங்கள் படித்தோம். 19ஆம் நூற்றாண்டில் மழலையர் கல்விக்கு வித்திட்ட அப்பெருமகனார், மரக்கட்டைகளைக் குழந்தைகளுக்கான 'கொடைகள்' என்றே வழங்கினார். தேர்வில் அதனை எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் அதன் பொருள் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஒருமுறை ஆண்டிறுதி விடுமுறைக்கு முந்திய வாரத்தில், நான்காம் ஆண்டு மாணவர்க்குக் கட்டைப் பெட்டிகளைக் கொடுத்துக் கோட்டை கட்டச் சொன்னேன். ஒரு குழுவினர் நான்கு மூலையிலும் நான்கு கோபுரம் வைத்து, ஒரே நிறத்தில், அளவு பிசகாமல் கட்டினர். மற்றொரு மேசையில் ஒரு சிறுமி, எஞ்சிய பல நிறக் கட்டைகளால் தனியே ஒன்றைக் கட்டியிருந்தாள். அதன் பின்சுவரில் பெரிய இடைவெளி.

"சுவரை முடிக்கவில்லையே, அம்மா" என்றேன்.

"அது பாட்டி தண்ணி எடுக்கப் போற வழி, ஐயா. அதையும் அடைச்சிட்டா பாட்டி எப்படிப் போவாங்க?" என்றாள்.

நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன். பரிசை நான்கு கோபுரக் கோட்டைக்கே கொடுத்தேன். அன்று மாலை கட்டைகள் எல்லாம் கலைக்கப்பட்டுப் பெட்டிக்குள் போயின.

எந்தக் கோட்டைக்குப் பரிசு உரியது என்பதை இன்று நான் அறிவேன். ஒரு கோட்டையில் அளவு இருந்தது. மற்றொன்றில் வாழ்வு இருந்தது. பகைவன் நுழைவான் என்று தெரிந்தும் பாட்டிக்காக மதிலைத் திறந்து வைத்த அந்த உள்ளம், முதலும் கருவும் இல்லாமலேயே உரிப்பொருளைத் தொட்டுவிட்டது. திறனாய்வு கற்ற நான் அதைக் காணத் தவறினேன்.

ஆகவே, கட்டை கொண்டு உலகம் படைப்போர்க்கும், அவற்றைக் கண்டு மதிப்பிடுவோர்க்கும், பிள்ளைகளின் கையில் அவற்றைக் கொடுக்கும் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் சொல்லத்தக்கது இதுதான்: எத்தனை துண்டுகள் என்று எண்ணுவதற்கு முன், மதிலுக்குள் வாழ்பவர் யார் என்று கேளுங்கள். அறிவுறுத்தல் ஏட்டைப் பின்பற்றிக் கட்டி முடித்த பின், ஒருமுறை அதனைக் கலைத்து, ஏடின்றிக் கட்டச் சொல்லுங்கள். சுவரில் இடைவெளி இருந்தால் திருத்த விரையாதீர்கள். அது யாரோ ஒருவர் தண்ணீருக்குப் போகும் வழியாக இருக்கலாம்.