ஆய்வு நிரலைச் சோதிப்பது யார்?

புரதங்களின் கட்டமைப்பை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி சாங், 2006ஆம் ஆண்டின் இறுதியில் தம் குழுவின் ஐந்து ஆய்வுக்கட்டுரைகளைத் திரும்பப் பெறும் நிலைக்கு ஆளானார். அவற்றில் மூன்று ‘சயின்ஸ்’ இதழில் வெளியானவை. ஆய்வகத்தில் புழங்கிய ஒரு நிரல், தரவின் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றியிருந்தது. அதனால் கணிக்கப்பட்ட கட்டமைப்பே தவறாகிவிட்டது. கட்டுரையை மதிப்பிட்டவர்கள் முடிவுகளைத்தான் பார்த்தார்கள். நிரல் அவர்கள் கண்ணுக்கு எட்டவே இல்லை.

நிரலைத் திறந்து வைத்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. வேதியியல் சேர்மங்களின் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கணிப்புக்கான சில பைத்தான் நிரல்கள் 2014இல் ‘நேச்சர் புரோட்டோகால்ஸ்’ கட்டுரையோடு வெளியாயின. எவரும் எடுத்துப் படிக்கலாம். ஆனால் அவை கோப்புகளை இயங்குதளம் கொடுத்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டன. தளம் மாறினால் வரிசை மாறும். வரிசை மாறினால் விடையும் மாறும். ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதை வெளிப்படுத்தினார்கள். திறந்த கதவு வழியாக யாராவது உள்ளே வந்து பார்த்தால்தான் திறந்து வைத்ததற்குப் பயன் உண்டு.

அப்படி உள்ளே வந்து பார்ப்பதை ஒரு முறையாக ஆக்கியவை சில தன்னார்வச் சமூகங்கள். ‘ஆர்’ என்ற நிரல்மொழியைப் பயன்படுத்துவோரின் ‘ஆர்ஓப்பன்சை’ 2015 முதல் மென்பொருள் தொகுப்புகளைச் சகமதிப்பாய்வு செய்கிறது. ‘ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்’ என்ற இதழ், சுருக்கமாக ‘ஜாஸ்’, 2016இல் தொடங்கியது. பைத்தானுக்கு ‘பைஓப்பன்சை’ இருக்கிறது. மதிப்பாய்வு முழுவதும் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில், பெயர் தெரிய, எல்லாரும் பார்க்க நடக்கிறது. மதிப்பாய்வாளர் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு தம் கணினியிலேயே மென்பொருளை நிறுவிப் பார்க்கிறார். உரிமம் இருக்கிறதா, எடுத்துக்காட்டு ஓடுகிறதா, தானியங்கிச் சோதனைகள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் குறியிடுகிறார். நிறுவ முடியவில்லை என்றால் அங்கேயே எழுதுகிறார், ஆசிரியர் திருத்துகிறார். தள்ளுபடி செய்வதைவிடச் சீர்செய்து ஏற்பதே இங்கே நோக்கம். ஜாஸில் எழுதுபவருக்கும் கட்டணமில்லை, படிப்பவருக்கும் கட்டணமில்லை.

இந்த முறையின் பலமும் பலவீனமும் மேலே சொன்ன இரண்டு பிழைகளிலேயே தெரிகின்றன. கோப்பு வரிசைப் பிழையை இது பிடித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தானாக ஓடும் சோதனை இருந்தால், விடை மாறுவது முதல் நாளே தெரிந்துவிடும். நெடுவரிசை மாறிய பிழை வேறு வகை. அந்த நிரல் சிக்கலில்லாமல் நிறுவப்பட்டிருக்கும், எடுத்துக்காட்டும் ஓடியிருக்கும். விடை தவறு என்று சொல்ல, புரதக் கட்டமைப்பைக் கண்டறியும் படிகவியல் தெரிந்த ஒருவர் ஏற்கெனவே உறுதியான ஒரு கட்டமைப்போடு ஒப்பிட்டிருக்க வேண்டும். பட்டியல் அவ்வளவு தூரம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆக, இந்த மதிப்பாய்வு பொறியியல் ஒழுங்கை நன்றாகச் சோதிக்கிறது. அறிவியல் சரியா என்பதை ஓரளவுதான் சோதிக்கிறது. ஏற்கப்பட்டது என்ற முத்திரையைப் பார்த்ததும் கணக்கே சரி என்று நம்புவது ஆபத்து. மதிப்பாய்வும் ஒரு பதிப்புக்குத்தான் நடக்கிறது. அடுத்த ஆண்டு மாறப்போகும் நிரலுக்கு அது உறுதி தராது.

ஆய்வாளர்களுக்கு நிரலாக்கம் கற்றுத்தரும் பயிற்சிக்கும் இதே கதைதான். 1998இல் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் தொடங்கிய ‘சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி’ என்ற பயிற்சித் திட்டம் இன்று ‘தி கார்பென்ட்ரீஸ்’ அமைப்பின் பகுதி. பயிற்றுநர் எல்லார் முன்னிலையிலும் நிரலைத் தட்டச்சு செய்கிறார். மாணவர்கள் கூடவே செய்கிறார்கள். சிக்கிக்கொண்டவர் மடிக்கணினி மேல் ஒரு நிறத்தில் சீட்டு ஒட்டுகிறார், முடித்தவர் வேறு நிறத்தில். கை தூக்கக் கூச்சப்படுபவருக்கும் உதவி வந்து சேர்கிறது. பயம் தெளிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு நாள் பட்டறை தொடக்கம்தான். சோதனை எழுதும் பழக்கம் மாதக்கணக்கில் ஒருவர் நம் நிரலைப் பார்த்துச் சொல்வதால் வருவது. அதனால்தான் மதிப்பாய்வே சிறந்த பயிற்சி என்கிறேன்; எழுதியவர், படித்தவர் இருவரும் கற்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் பெரிய குறை, உழைப்புக்கு ஈடு இல்லாதது. கோவிட் பரவிய 2020 மார்ச்சில் ஜாஸ் புதிய மென்பொருள்களைப் பெறுவதைச் சில வாரங்கள் நிறுத்தியது. தன்னார்வலர்களின் சுமையைக் குறைக்க எடுத்த நேர்மையான முடிவு அது. ஆனால் ஏற்பாடு முழுவதும் யார் ஓய்வு நேரத்தின் மேல் நிற்கிறது என்பதையும் அது காட்டியது. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணும் பல்கலைக்கழகம், நிரலைப் பராமரிப்பதையும் பிறர் நிரலைச் சோதிப்பதையும் எண்ணத் தொடங்கவேண்டும். நிதி தருவோர் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கவேண்டும். பட்டியலில் ‘தெரிந்த விடையோடு ஒப்பிட்டேன்’ என்ற வரி கட்டாயமாகவேண்டும்.

இத்தனை குறைகளோடும், இந்த முறை இல்லாத நிலையைவிட இது பல மடங்கு மேல். நீங்கள் ஆய்வு மாணவராக இருந்தால், உங்கள் துறைக்குரிய ஒரு மென்பொருளுக்கு மதிப்பாய்வாளராகப் பெயர் கொடுங்கள். உங்கள் துறையறிவுதான் இந்த முறைக்கு இன்று குறைவாக இருக்கிறது.