கூட்டுறவும் கைதூக்கலும்: மில்டன் பார்க் குறித்துச் சில கேள்விகள்

மொன்றியலில் எம்மவரிடையே வீட்டுப் பிரச்சினை பற்றிப் பேச்சு எழுந்தால் இடதுசாரி நண்பர்கள் மில்டன் பார்க்கை உதாரணம் காட்டுவார்கள். வாடகைக் கட்டடத்தைக் கூட்டுறவாக மாற்றிவிட்டால் குடியிருப்போர் துன்பம் தீர்ந்துவிடும் என்பது அவர்கள் வாதம். நானும் பல காலம் அப்படியே நம்பியவன்தான்.

சாதனையை முதலில் ஒப்புக்கொள்வோம். 1960களின் பிற்பகுதியில் மக்கில் பல்கலைக்கழகத்துக்குக் கிழக்கே ஆறு தெருத்தொகுதிகளின் வீடுகளை ஒரு நிறுவனம் ஏறக்குறைய முழுவதுமாக வாங்கி, இடிக்கத் திட்டமிட்டது. 1968இல் குடியிருப்போர் குழுவாகத் திரண்டனர். 1972இல் மறியல் செய்தோரில் 50க்கு மேற்பட்டோர் கைதாகினர். ஒரு பகுதி இடிபட்டு 'லா சித்தே' கோபுரங்கள் எழுந்தன. எஞ்சியதை 1979இல் மத்திய அரசின் வீடமைப்பு நிறுவனம் வாங்கியது; 600க்கு மேற்பட்ட வீடுகள் கூட்டுறவுகளிடமும் இலாபநோக்கற்ற அமைப்புகளிடமும் சேர்ந்தன. அவற்றை எவரும் சந்தை இலாபத்துக்கு விற்காதபடி 1987ஆம் ஆண்டின் கூட்டுடைமைப் பிரகடனம் பூட்டுப் போட்டது. இந்தப் பூட்டுத்தான் மில்டன் பார்க்கின் உண்மையான வெற்றி.

ஆனால் பூட்டு ஒன்று, வாடகையாளரின் உரிமை வேறொன்று. நண்பர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். கியூபெக்கில் வாடகையாளருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு சிறிதல்ல. மொன்றியல் தீவில் வாடகைக் கட்டடத்தைக் கொண்டோவாக மாற்றுவதற்கு, நகரசபை விலக்களித்தாலன்றி, தடையுண்டு. கட்டடத்தைப் பிரிக்காமல் பங்குபோட்டு வாங்குவோரும், மற்றப் பங்காளி தம் வாழ்க்கைத் துணையாக மட்டும் இருந்தாலன்றி, குடியிருப்பவரை எழுப்பித் தாம் குடிவரமுடியாது. வாடகை உயர்வை ஏற்க மறுப்பவரின் வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போகும். 1980 முதல் 'றெஜி' என்று நாமறிந்த அமைப்பே 2020 முதல் அந்தத் தீர்ப்பாயம்.

கூட்டுறவில் அங்கத்தவரானதும் இந்தக் கடைசிக் கதவு மூடப்படுகிறது. 1994இல் நடைமுறைக்கு வந்த கியூபெக் குடியியல் சட்டக்கோவையின் 1955ஆம் பிரிவின்படி, கூட்டுறவு தன் அங்கத்தவருக்கு வாடகைக்கு விட்ட வீட்டின் வாடகையை நிர்ணயிக்கும்படியோ ஒப்பந்த நிபந்தனைகளை மாற்றும்படியோ இருதரப்பாரும் தீர்ப்பாயத்தைக் கேட்கமுடியாது. வீட்டில் தொடர்ந்திருக்கும் உரிமை அற்றுப்போவதில்லை. ஆனால் என்ன வாடகைக்கு என்பதைப் பொதுக்கூட்டமே முடிவுசெய்யும். அங்கத்தவர் தானே வீட்டுக்காரனுமாக இருப்பதால் தன்மேலேயே வழக்காட முடியாது என்பதே இதன் தர்க்கம். தர்க்கத்தில் பிழையில்லை. பொதுக்கூட்டம் உண்மையில் அவனுடையதாக இருக்கிறதா என்பதே கேள்வி.

நான் ஒரு கூட்டுறவில் சில வருடங்கள் குடியிருந்தேன். வாடகை உயர்வுக் கூட்டத்துக்கு முதல்நாள் இரவு கணக்கறிக்கை கதவடியில் கிடந்தது, முழுவதும் பிரெஞ்சு. கூட்டத்தில் மூன்று தமிழ்க் குடும்பங்கள் பின்வரிசையில் இருந்தோம். முன்வரிசையில் கைகள் உயர, எங்கள் கைகளும் உயர்ந்தன. எதற்குச் சம்மதித்தேன் என்பது மறுமாத வாடகை கட்டும்போதுதான் எனக்கு விளங்கியது. எங்களை எவரும் மிரட்டவில்லை, ஏமாற்றவுமில்லை. அதனாலேயே முறையிட இடமும் இருக்கவில்லை.

இது வெள்ளையரின் குற்றம் என்று சொல்லித் தப்பவும் முடியாது. ஊரில் சங்கக்கடை எங்களுடையது என்றோம். அங்கு வரிசையில் நின்றதைவிட, அதன் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கணக்குக் கேட்டவர் எத்தனை பேர்?

கூட்டுறவு வேண்டாம் என்பதல்ல என் வாதம். வீடு வாங்குவதே விடுதலை என்று அலையும் எம் சமூகத்தில் கூட்டுறவைப் பற்றிப் பேசுவோர் தேவை. ஆனால் மாற்றத்துக்குக் கையெழுத்து வாங்கமுன் மூன்றைச் சொல்லட்டும்: மேற்சொன்ன பிரிவு அங்கத்தவரை மட்டுமே கட்டுப்படுத்துகிறது, ஆகவே அங்கத்தவராக விரும்பாத பழைய குடியிருப்பாளர் வெறும் வாடகையாளராகவே தொடரட்டும். கணக்கு, குடியிருப்போருக்கு விளங்கும் மொழியில், யோசிக்க அவகாசத்தோடு வரட்டும். வாடகை பற்றிய பிணக்கைக் கேட்க, நிர்வாகக் குழுவுக்கு வெளியே ஒருவர் இருக்கட்டும்.

இவை இல்லாதவரை, வீட்டுக்காரன் போன இடத்தில் பொதுக்கூட்டம் வந்து குந்தியிருக்கும். பின்வரிசை பின்வரிசையாகவே இருக்கும்.