இரவற் குரலும் கூற்றிலக்கணமும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள திருமுல்லைவாயில், சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணொளி இழந்த நிலையில் வந்து பாடிய தலமாகும். திருவொற்றியூரில் சங்கிலியார்க்குச் செய்துகொடுத்த சூளுறவைக் கடந்து புறப்பட்ட அவர், பார்வையிழந்து இவ்வூரை அடைந்தார். மாசிலாமணி ஈசரைப் பாடினார். பார்வை பெறாமலேயே அப்பாற் சென்றார். பின்னர் அவர் அடைந்த திருவெண்பாக்கத்தில், இறைவன் கோயிலினுள் இருக்கின்றானோ என வினவியபோது, உள்ளிருந்து ஊன்றுகோலும் ஒரு விடையுமே கிடைத்தன எனப் பெரியபுராணம் கூறும். முகம் காட்டாத அவ்விடை யாருடையது என்பதில் நாயனார்க்கு ஐயம் எழவில்லை. ஆளை அறிவிக்கக் குரலொன்றே போதும் என்பது அவ்வரலாற்றின் உட்கோள். இக்காலத் திரைப்படத்திலோ நிலைமை தலைகீழாகவுள்ளது. முகத்தைக் காண்கின்றோம்; குரலைக் கேட்கின்றோம்; இரண்டும் ஒருவருடையனவே என நம்புகின்றோம். பெரும்பான்மைக் கதைத்தலைவியர் திறத்து அவை ஒருவருடையன அல்ல. 'டப்பிங்' என வழங்கும் இந்த இரவற் குரலைத் திறனாய்வு எவ்வாறு கொள்ளுதல் வேண்டும் என்பதையே ஈண்டு யாம் ஆராயப் புகுகின்றோம்.

குரல் இரவல் பெறுதல் தமிழ்க்குப் புதிதன்று. அகப்பாட்டு முழுதும் அவ்வகையினதே. குறிஞ்சிப்பாட்டில் செவிலியை நோக்கிப் பேசுபவள் தோழி. அவளுக்குக் குரல் தந்தவர் கபிலர். பாட்டின் அடியில் 'தோழி கூற்று' எனவும், பாடியவர் கபிலர் எனவும் இரண்டையும் எழுதி வைத்தனர் முன்னோர். கூற்றுக்கு உரியார் ஒருவர், கூற்றை ஆக்கினார் ஒருவர் என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது. வெள்ளிவீதியாரின் பாட்டுகள் தலைவி கூற்றாய் அமைந்திருப்பினும், அத்துயரை அவர்தம் துயராகவே ஏனையோர் உணர்ந்தனர் என்பது, ஔவையார் அகநானூற்றுப் பாட்டொன்றில் அவரைப் பெயர் சுட்டிக் கூறுவதனாற் புலனாகும். இலக்கண மரபு எத்துணை இறுக்கமாக இருப்பினும், குரல் தந்தவரை மறைத்தல் அம்மரபின் நோக்கமாக இருந்ததில்லை.

தொல்காப்பியர் செய்யுளியலில் மற்றொரு நுட்பமும் காண்டும். ஊரார், அயலார், சேரியோர், தந்தை, தமையன் முதலியோர்க்கு அகப்பாட்டில் நேர்க்கூற்று இல்லை. அவர் சொல்லைப் பிறர் எடுத்துச் சொல்லவே கேட்கின்றோம். இதனைக் கொண்டெடுத்து மொழிதல் என்பர். திரைப்படத்துக் குரற்கலைஞரின் நிலை இதற்கு விந்தையான எதிர்ப்படியாய் உள்ளது. படம் முழுதும் ஒலிப்பது அவர் குரலே. ஆயினும் அவர் இருப்பதனை யாரேனும் எடுத்து மொழிந்தாலன்றி நாம் அறியோம்.

அவர்தம் தொழில் முறையைச் சிறிது கூறுதல் வேண்டும். ஒலிபுகாத சிற்றறையில் ஒலிவாங்கியின் முன் நின்று, எதிரே ஓடும் படத்தின் உதடுகளை நோக்கி, படப்பிடிப்பின்போது பதிந்த முதற்குரலைச் செவியிற் கேட்டுக்கொண்டே அவர் பேசுகின்றார். அம்முதற்குரல் தமிழறியாத நடிகையின் மழலையாக இருக்கலாம். உதடுகள் இரண்டும் பொருந்தும் இடத்தில் பகரமோ மகரமோ வருதல் வேண்டும். மேற்பல் கீழுதட்டைத் தொடும் இடத்தில் வகரம் வரலாம். பிறப்பியலில் நாம் மனப்பாடமாய்ப் படித்துக் கைவிட்ட செய்தி, இவர்க்கு நாள்தோறும் சோறு தரும் கருவி. பிறர் மூச்சு விடும் இடத்தில் தாம் மூச்சு விட்டு, பிறர் விம்மிய அளவே தாம் விம்முதல் வேண்டும். பழைய உரைகளில் எடுத்தாளப்படும் நாடக நூற்பாவொன்று சத்துவம் பத்து எனக் கூறி, குரற்சிதைவையும் அவற்றுள் ஒன்றாக எண்ணும். சத்துவம் என்பது முயன்று வருவிப்பதன்று, உள்ளம் நிறைந்த வழித் தானே மெய்யில் தோன்றுவது. முகத்தில் கண்ணீர் ஒருத்திக்கும், அதே நொடியில் குரற்சிதைவு வேறொருத்திக்கும் தோன்றுமாயின், மெய்ப்பாடு யாருடையது? இவ்வினாவை நம் திறனாய்வாளர் இன்னும் போதிய அளவு எழுப்பவில்லை.

வரலாற்றை நோக்கின் ஒரு முரண்பாடு தோன்றும். பாடற்குரலைப் பிறரிடம் பெறும் முறை மெய்யப்பனாரின் 'நந்தகுமார்' (1938) படத்தின்வழித் தமிழில் இடம்பெற்றது. முழுப்படத்தையும் வேற்றுமொழியில் பேசச் செய்யும் முறையும் அவர் முயற்சியாகவே, கன்னடத்திலிருந்து தமிழாக்கப்பட்ட 'அரிச்சந்திரா' (1944) வாயிலாக வந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரு காலத்தன, ஒருவரே தொடங்கியன. ஆயினும் பாடிய சுசீலாவையும் ஜானகியையும் சிற்றூர்ச் சிறுவரும் பெயர் சொல்லி அறிவர், பேசியவரை அறியார். பாட்டைப் படத்தினின்று பிரித்து இசைத்தட்டில் விற்கலாம். பேச்சைப் பிரித்தால் நடிப்பு என்னும் மாயையே கலையும். வணிகத்தின் தேவை இவ்வாறு ஒன்றற்குப் புகழும் மற்றொன்றற்கு மறைவும் தந்தது என யாம் கருதுகின்றோம்.

இம்மறைவு எத்துணை ஆழமானது என்பதற்கு 'மணிச்சித்ரதாழ்' (1993) என்னும் மலையாளப் படம் தக்க சான்று. கங்கை என்னும் பெண், முன்னொரு காலத்துத் தஞ்சை நாட்டியப்பெண் நாகவல்லியாகத் தன்னைக் கருதி உருமாறுவதே கதை. கங்கையாய் இருக்கும்போது பேசுவது மலையாளம். நாகவல்லியானதும் பேசுவது தமிழ். இரு நிலையையும் நடித்த சோபனா அவ்வாண்டிற்கான தேசிய விருது பெற்றார். கங்கையின் குரல் பாக்கியலட்சுமியுடையது. நாகவல்லியின் குரலும் அவருடையதே என நெடுங்காலம் நம்பப்பட்டது. தமிழ்க் குரற்கலைஞரான துர்க்காவே நாகவல்லிக்குப் பேசினார் என்பதனை, இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட பின், 2016-இல் இயக்குநர் ஃபாசில் எழுதி வெளிப்படுத்தினார். முதலில் பாக்கியலட்சுமியே இரண்டையும் பேசியதாகவும், இரு குரலுக்கும் ஒப்புமை தோன்றியமையால் பின்னர்த் தமிழ்ப்பகுதி மாற்றப்பட்டதாகவும் அவர் கூறுகின்றார்.

இஃது உறுதியான கலைத்தீர்ப்பே. நாகவல்லி கங்கையின் வேறொரு மனநிலை மட்டும் அல்லள். வேறொரு நாட்டினள், வேறொரு மொழியினள், பழிவாங்கப் புகுந்தவள். மலையாளத்தில் பழகிய நாவு தமிழைப் பேசும்போது எஞ்சும் சிறு சாயல்கூட அவளைக் கங்கையிடம் மீண்டும் கொண்டு சேர்த்துவிடும். துர்க்காவின் குரலில் அச்சாயல் இல்லை. அறைக்கதவின் அருகே கணவனை நோக்கி எழும் அச்சினம், தொடக்கத்திலேயே உச்சத்திற் பாயாமல், இயல்பான பேச்சிலிருந்து படிப்படியாய் ஏறுகின்றது. சொல்லின் இறுதியை அழுத்தி நிறுத்தும் அம்முறை மேடைத்தமிழன்று. வீட்டில் மனம் நொந்த பெண்ணின் தமிழ். காண்போர் அஞ்சுவது அதனால்தான். அவள் ஆடும்போது பாடும் குரலோ சித்ராவினுடையது. ஆக, ஓர் உடலில் சோபனா, பாக்கியலட்சுமி, துர்க்கா, சித்ரா என நால்வர் கூடியே அக்கதைத்தலைவி ஆயினள். நால்வருள் மூவரை அறிந்திருந்தோம். நான்காமவர், தந்தையும் தமையனும் அகப்பாட்டில் அறியப்படுமாறு போலப் பிறர் எடுத்து மொழிந்த பின்னரே அறியப்பட்டார். இப்படத்தின் தமிழ் வடிவமான 'சந்திரமுகி'யில் (2005) ஆவி புகுந்த பெண்ணின் மொழி தெலுங்காயிற்று. வேற்றுமொழிக் குரலே அச்சத்தின் வாயில் என்பதனை ஆக்கியோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

தமிழிலேயே நெடிது பணியாற்றுவோருள் தீபா வெங்கட் குறிக்கத்தக்கவர். சின்னத்திரையில் முகம் காட்டி நடித்தவர். 'ராஜா ராணி' (2013) முதலாக நயன்தாராவிற்குப் பல படங்களிற் பேசியவர். 'அறம்' (2017) படத்து மாவட்ட ஆட்சித்தலைவரின் குரலில், ஆணையிடப் பழகிய அடக்கமும், ஆணை பயன்படாதவிடத்து எழும் தளர்ச்சியும் ஒருங்கே ஒலிக்கின்றன. 'பொன்னியின் செல்வன்' (2022) நந்தினிக்கு அவரே பேசினார். ஆண்டு முகம் ஐசுவரியா ராயுடையது. நந்தினியின் வஞ்சம் தாழ்ந்த குரலிலும் நீண்ட இடைநிறுத்தத்திலும் உறைகின்றது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பார், ஒருவர் குரலே எனத் துணியச் சற்று நேரமாகும். அதே ஐசுவரியா ராய்க்கு 'இருவர்' (1997), 'இராவணன்' (2010) படங்களில் பேசியவர் நடிகை ரோகிணி. ஒரு முகத்திற்குப் பல குரல், ஒரு குரலுக்குப் பல முகம் என்னும் இவ்விரவலில், நடிகையின் வளர்ச்சி எனத் திறனாய்வாளர் எழுதுவது சிலபோது குரற்கலைஞர் மாறியமையே ஆகும். நயன்தாரா தமிழில் முதன்முதல் சொந்தக் குரலில் பேசிய 'நானும் ரௌடிதான்' (2015) படத்தில் அவர் ஏற்றது செவிப்புலன் இழந்த பெண்ணின் பாத்திரம் என்பதனையும் இடையே குறித்துச் செல்கின்றோம்.

சின்மயியின் நிலை சற்று வேறு. அவர் பாடகியாய் முன்னரே பெயர் பெற்றவர். 'விண்ணைத்தாண்டி வருவாயா' (2010) படத்தில் திரிஷாவிற்குப் பேசினார். '96' (2018) படத்தில் ஜானுவிற்குப் பேச்சும் பாட்டும் அவருடையனவே. நெடுங்காலம் பாடாதிருந்த பழைய பாட்டை ஜானு பாடத் தொடங்கும்போது, பேசிய குரலே பாட்டாக நெகிழ்வதனால், அக்காட்சியில் வழக்கமான தையற் கோடு தெரிவதில்லை. அவ்வாண்டு அக்டோபரில் அவர் பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டுகளை வெளிப்படையாய் எழுப்பினார். நவம்பரில் டப்பிங் கலைஞர் சங்க உறுப்பினர் நிலையினின்று நீக்கப்பட்டார். சந்தா செலுத்தாமையே காரணம் எனச் சங்கம் கூறிற்று. அவர் அதனை ஏற்கவில்லை. 'லியோ' (2023) படத்தில் மீண்டும் திரிஷாவிற்கு அவர் குரல் ஒலித்தது. வழக்கின் நன்மை தீமை ஆராய்தல் இக்கட்டுரையின் எல்லையன்று. ஒன்றை மட்டும் கூறுவோம்: அவர்தம் குரல் வாராமையை மக்கள் உணர்ந்து வினவியதற்குக் காரணம், பாட்டினால் அவர் பெயர் முன்னரே அறியப்பட்டிருந்தமையே. பெயரறியாத ஒருவர் நீக்கப்பட்டிருப்பின் திரையில் யாதொரு வேறுபாடும் தோன்றியிராது.

மேலைநாட்டில் இக்கலை வேறொரு திசையிற் சென்றுள்ளது. 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராய்ப் பேசி, பகடை உருட்டி நிகழ்ச்சிகளைத் துணியும் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். நம் கூத்தின் கட்டியங்காரனை அவர்க்கு ஒருவாறு ஒப்பிடலாம். ஏனையோர் தம் கூற்றைத் தாமே அந்நேரத்தில் ஆக்குவர். குரற்கலைஞர் சிலர் தமக்குள் ஆடிய இவ்வாட்டத்தை 2015 முதல் 'கிரிட்டிகல் ரோல்' என்னும் இணையத்தொடராய் ஒளிபரப்பினர். அதனை ஓவியப்படமாக்க 2019-இல் பொதுமக்கள் தந்த தொகை 1 கோடியே 10 இலட்சம் டாலருக்கு மேற்பட்டது. 2022-இல் அப்படத்தொடர் வெளிவந்தது. அக்குழுவினரான லாரா பெய்லி, சப்பானியப் படங்களை ஆங்கிலமாக்குவதில் குரல் தந்து வளர்ந்தவர். 2020-இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பகுதி என்னும் கணினி விளையாட்டில் ஆபி என்னும் பாத்திரத்தை ஏற்று அவர் விருது பெற்றார். அப்பாத்திரம் செய்த கொலைக்காக அவர்க்கே மிரட்டலும் வந்தது. பிறர் எழுதிய கூற்றைப் பேசியவரை வினைக்கும் உரியவராக்கினர் பித்தேறிய சிலர். அதே அம்மையார் மேசையருகே அமரும்போது, முகமும் குரலும் சொல்லும் அவருடையனவே. கூற்றுக்கு உரியாரும் கூற்றை ஆக்கினாரும் ஒருவராகும் இந்நிலையை, கலைஞர் தாமே முயன்று அடைந்தனர் என்பது கருதத்தக்கது. பகடையாட்டத்தில் மொழிநயம் குறைவு என்பாரும் உளர். பல மணிநேரம் நீளும் அப்பேச்சில் தளர்ந்த பகுதிகள் மிகுதி என்பதை யாமும் உடன்படுகின்றோம்.

தமிழிலும் இணையத்தொடர் வரவால் வாய்ப்புகள் பெருகியுள்ளன. 2021-இல் நெட்ஃபிளிக்ஸ் 'மணி ஹைஸ்ட்' என்னும் எசுப்பானியத் தொடரைத் தமிழிற் பேசச் செய்தது. இத்தகைய தொடர்களின் இறுதியில் மொழிதோறும் குரல் தந்தோர் பெயர் காட்டும் வழக்கமும் உண்டு. ஆயின் அடுத்த பகுதிக்குத் தாவும் பொத்தான் அதனை மறைத்துவிடுகின்றது. இதற்கிடையே 'லால் சலாம்' (2024) படப் பாட்டொன்றில், மறைந்த பாடகர் பம்பா பாக்கியா, சாகுல் அமீது ஆகியோர் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் மீட்கப்பட்டன. அவர்தம் குடும்பத்தாரின் இசைவு பெற்று ஊதியமும் தரப்பட்டதென இசையமைப்பாளர் இரகுமான் அறிவித்தார். பெயரறிந்த பாடகர்க்கு இசைவு கேட்க ஒரு குடும்பம் இருந்தது. பெயர் பதியாத துர்க்காக்களின் குரலை நாளை பொறி எடுத்தாளுமாயின், யாரிடம் இசைவு கேட்பது?

இரவற் குரலால் வட்டார வழக்கு அழிந்தது. எல்லாத் தலைவியரும் ஒரே சென்னைச் சிற்றறையின் தமிழ் பேசுகின்றனர். ஆகலின் அக்கலையைப் போற்றுதல் தகாது என்பர் ஒரு சாரார். அற்றன்று. வழக்கு அழிந்ததற்குக் காரணம் குரற்கலைஞர் அல்லர். தமிழறியா முகத்தை விரும்பி, எவ்வூரினது என அறியவொண்ணாத் தமிழை எழுதித் தந்தவர். எனினும் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. 'பருத்திவீரன்' (2007) படத்தில் பிரியாமணி தம் சொந்தக் குரலிலேயே பேசினார். பயின்ற வழக்கேயாயினும், மூச்சிரைப்பும் சொற்றிரிபும் ஓடுகின்ற உடலிலிருந்தே எழுவதனை அப்படத்திற் கேட்கலாம். தேசிய விருதும் அவர்க்கு வந்தது. முத்தழகின் கடைசி அலறலை வேறு எந்தத் தேர்ந்த கலைஞரும் சிற்றறையில் நின்று அவ்வாறே தந்திருக்க இயலாது என்றே யாம் எண்ணுகின்றோம். நாகவல்லியின் சினத்தைச் சோபனாவும் தந்திருக்க இயலாது.