பேனா மாணவரிடம், சாவி பெரியவரிடம்

ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர், தன் பேராசிரியரின் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்துவிட்டு, 'ஸாரி சார், தரம் போதாது. பிரசுரிக்க முடியாது' என்று திருப்பி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்? பையனுக்கு டின் கட்டிவிடுவார்கள்!

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இது சர்வசாதாரணம். அங்கே 'லா ரெவ்யூ' எனப்படும் சட்ட ஆய்விதழ்களில் பெரும்பாலானவற்றை நடத்துவதே மாணவர்கள்தான். எதை எடுப்பது, எதைத் தள்ளுவது, எங்கே வெட்டுவது எல்லாம் இருபத்துச் சொச்சம் வயதுப் பிள்ளைகளின் முடிவு. 1887-ல் ஆரம்பித்த ஹார்வர்டு லா ரெவ்யூ இந்த வகையில் மூத்த அண்ணன்களில் ஒன்று. 1990-ல் அதன் முதல் கறுப்பினத் தலைவராகத் தேர்வானபோதுதான் பராக் ஒபாமாவின் பெயர் முதன்முதலாகப் பெரிய பேப்பர்களில் அடிபட்டது.

மனித உரிமைக்கும் சர்வதேசச் சட்டத்துக்கும் தனித்தனியாக மாணவர் இதழ்கள் உண்டு. கொலம்பியாவின் மனித உரிமை இதழ் 2012-ல் ஒரு காரியம் செய்தது. டெக்சாஸ் மாநிலம் 1989-ல் மரண தண்டனை கொடுத்து முடித்துவிட்ட கார்லோஸ் டிலூனா குற்றவாளியே அல்ல, கொன்றது இன்னொரு கார்லோஸ் என்று ஒரு பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் துருவித் துருவி எழுதியதற்கு, ஒரு முழு இதழையே ஒதுக்கியது. எந்த வாரப் பத்திரிகையாலும் அவ்வளவு பக்கம் தர முடியாது.

சரி, பாராட்டியாயிற்று. இனி குறை.

நான் காமர்ஸ் படித்தவன். ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டைக் கொடுத்தால், கடைசிப் பக்கத்துக் குறிப்புகளைத்தான் முதலில் பார்ப்பேன். வில்லங்கமெல்லாம் அங்கேதான் பதுங்கியிருக்கும். சட்ட இதழ்களிலோ குறிப்புகள் பதுங்குவதில்லை, பக்கத்தையே ஆக்கிரமிக்கின்றன. மேலே நாலு வரி கட்டுரை, கீழே முப்பது வரி அடிக்குறிப்பு! காரணம் புரிகிறது. விஷயத்தில் முழுப் பிடிப்பு வராத வயசு. அதனால் வாக்கியத்துக்கு வாக்கியம் ஆதாரம் கேட்கிறார்கள். யேல் பேராசிரியர் ஃப்ரெட் ரோடெல் 1936-லேயே, இந்த இதழ்களில் நடையும் சரியில்லை, சரக்கும் சரியில்லை என்று கிழித்துத் தொங்கவிட்டார். அதை வெளியிட்டதும் ஒரு லா ரெவ்யூதான் என்பது வேடிக்கை!

ஆனால், அடிக்குறிப்பைவிடப் பெரிய சோதனை ஒன்று 2023-ல் வந்தது.

ரபீ எக்பாரியா, பாலஸ்தீன வழக்கறிஞர். அப்போது ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவர். காஸா போர் தொடங்கியதும், ஹார்வர்டு லா ரெவ்யூவின் இணையப் பக்கத்துக்கு எழுதித் தரும்படி அதன் ஆசிரியர்களே அவரைக் கேட்டார்கள். எழுதினார். எடிட்டிங் முடிந்து, வெளியாக வேண்டிய நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மாணவ ஆசிரியர்கள் கூடி ஓட்டுப் போட்டதில், 63 சதவிகிதம் 'வேண்டாம்' என்றது. 'தி நேஷன்' பத்திரிகை அதை வாங்கிப் போட்டது.

அடுத்து, கொலம்பியா லா ரெவ்யூ மாணவர்கள் அவரிடம் விரிவாகவே ஒரு கட்டுரை கேட்டு வாங்கினார்கள். நூறு பக்கத்துக்கும் மேல். 2024 ஜூன் 3-ம் தேதி இணையத்தில் வெளியிட்டார்கள். அன்றைக்கே, பேராசிரியர்களும் பழைய மாணவர்களும் கொண்ட இயக்குநர் குழு, இதழின் இணையதளத்தையே மொத்தமாக இழுத்து மூடியது! வழக்கமான நடைமுறைப்படி எல்லா ஆசிரியர்களுக்கும் கட்டுரை காட்டப்படவில்லை என்று காரணம் சொன்னார்கள். கசிந்துவிடும் என்று பயந்துதான் ரகசியமாக வைத்தோம் என்றார்கள் மாணவர்கள். வேலையை நிறுத்திவிடுவோம் என்றும் எச்சரித்தார்கள். சில நாட்களில் தளம் திறந்தது, குழுவின் விளக்கத்தோடு.

அப்படி என்னதான் எழுதியிருந்தார்?

சட்டத்துக்குப் பெயர் முக்கியம். 'ஜெனோசைடு' என்ற வார்த்தை 1944-க்கு முன் அச்சில் கிடையாது. ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர் உருவாக்கியது. நாலே வருடத்தில், 1948-ல், ஐ.நா. உடன்படிக்கையில் ஏறியது. 'அபார்த்தைட்' தென்னாப்பிரிக்கச் சொல். 1973-ல் அதற்கும் ஓர் உடன்படிக்கை வந்தது. அதே வரிசையில் 'நக்பா'வையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் எக்பாரியாவின் வாதம். அரபியில் பேரழிவு என்று அர்த்தம். 1948-ல் ஏழு லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனியர்கள் வீடு வாசலை இழந்ததற்கு அவர்கள் வைத்த பெயர். ஆக்கிரமிப்பு, அபார்த்தைட், இனப்படுகொலை எல்லாமே அவர்கள் கதையில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கின்றன. முழுசையும் பிடிக்க தனிச் சொல் வேண்டும் என்கிறார்.

வாதம் பலமானது, படிக்கச் சுலபமில்லை. புதுச் சொல் எதற்கு, இருக்கிற சட்டங்களை ஒழுங்காக அமல்படுத்தினாலே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. லெம்கினின் சொல்லும் நாடுகள் கையெழுத்துப் போட்ட பிறகுதானே சட்டமானது? ஆனால், இப்படிப்பட்ட கேள்விக்கு வழி, பதில் கட்டுரை. பூட்டு அல்ல.

இளைஞர்களுக்கு இழக்க எதுவுமில்லை, அதனால் துணிச்சல் அதிகம் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கணக்குப் போட்டால் அது தப்பு. பேராசிரியருக்கு நிரந்தர வேலை உண்டு. மாணவருக்கு இருப்பது கல்விக் கடனும், இன்னும் கைக்கு வராத வேலையும்தான். அந்த 2023 அக்டோபரில்தான், பாலஸ்தீனம் பற்றி வந்த மாணவர் அமைப்பு அறிக்கைகளுக்காகச் சில பெரிய சட்ட நிறுவனங்கள் கொடுத்த வேலையைத் திரும்பப் பிடுங்கின. ஹார்வர்டின் அந்த 63 சதவிகிதத்தில் எத்தனை ஓட்டு கருத்துக்கு விழுந்தது, எத்தனை பயத்துக்கு விழுந்தது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

அந்தச் சூழலில் கொலம்பியா பிள்ளைகள் வெளியிட்டார்கள் பாருங்கள், அதற்காக அவர்களின் அத்தனை அடிக்குறிப்புகளையும் மன்னித்துவிடலாம். முதலாளியே இல்லாத பத்திரிகை என்று பெயர் வாங்கியவை இந்த இதழ்கள். முதலாளி இருந்தார், அதுவரை கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இனிமேல் எந்தப் பத்திரிகையாவது 'ஆசிரியர் குழு முழுச் சுதந்திரமானது' என்று போட்டிருந்தால், படிப்பதற்கு முன் ஒரு விஷயம் விசாரித்து வையுங்கள். ஆபீஸ் சாவி யாரிடம் இருக்கிறது?