சாணிக் கிண்ணங்களை ரசிப்பது எப்படி?

திருத்தணிக்குப் போகிறவர்கள் 365 படிகளையும் எண்ணிக்கொண்டு மேலேதான் பார்ப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போனால், அடிவாரத்தில் ஆடுமாடு மேய்ந்த தரிசில் ஒருமுறை குனிந்தும் பாருங்கள்: சாணியில் கிண்ணம்போல் முளைக்கும் சிறு பூஞ்சைகள் தெரியலாம்.

மாடு போட்டால் சாணி, ஆடு போட்டால் புழுக்கை, யானை போட்டால் இலத்தி. விலங்குக்கு விலங்கு பெயர் வைத்த நாம், அதில் முளைப்பதையெல்லாம் ‘காளான்’ என்று முடித்துவிட்டோம். ஆனால் அடையாளம் காணும் வேலை அந்தப் பெயரிலிருந்துதான் தொடங்குகிறது: எது போட்டது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் முளைக்கவைத்துப் பார்க்க, புதியவர்களுக்கு வெள்ளாட்டுப் புழுக்கையே நல்லது; நாற்றம் குறைவு. மூடியுள்ள டப்பாவில் ஈரமான டிஷ்யூ காகிதம் விரித்து, மேலே பத்துப் புழுக்கை. வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் கூடாது. தண்ணீர் தெளிக்கலாம், ஊற்றக் கூடாது. நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கிறாரே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் போதும்.

முதல் வாரத்தில் வருவது பெரும்பாலும் கிண்ணமே இல்லை: கண்ணாடித் துளிமேல் கறுப்புத் தொப்பி வைத்த பைலோபோலஸ் என்ற பூஞ்சை. தொப்பியை வெளிச்சத்தை நோக்கி இரண்டு மீட்டர் வரைகூட எறியும். டப்பா மூடியின் உட்புறக் கறும்புள்ளிகள் அதன் வேலை.

கிண்ணங்கள் கொஞ்சம் தாமதித்தே வரும். அவற்றில் ராஜா அஸ்கோபோலஸ்தான். முதலில் மஞ்சள் உருண்டை. பிறகு வாய் திறந்து, தட்டையாகி, சில மில்லிமீட்டர் வட்டாகிறது. வெளிப்புறத்தில் தவிடு ஒட்டியதுபோல் இருந்தால் அஸ்கோபோலஸ் ஃபர்ஃபுரேசியஸாக இருக்கலாம். அந்த லத்தீன் சொல்லுக்கே தவிடு போன்றது என்றுதான் பொருள். நிறத்தில் மயங்காதீர்கள். மேற்பரப்பில் ஊதாக் கறுப்புப் புள்ளிகள் துருத்திக்கொண்டிருக்கின்றனவா? ஒவ்வொரு புள்ளியும் முற்றிய ஒரு வித்துப்பை. உள்ளே எட்டு வித்துகள். பைகள் ஒளிப்பக்கம் சாய்ந்து வெடிக்கும்.

ஏன் இத்தனை வேகம்? தன் சாணியை ஒட்டிய புல்லை மாடு தின்னாது. வித்து அந்த எல்லையைத் தாண்டிப் புல்லில் விழ வேண்டும், மாட்டின் வயிற்றுக்குள் போக வேண்டும், மறுபடி சாணியோடு வெளியே வர வேண்டும். பலவற்றுக்கு அந்தக் குடல்பயணம்தான் முளைக்கத் தூண்டுதல்.

மற்றவை சுருக்கமாக: ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, அதே கறும்புள்ளிகளோடு இருந்தால் சாக்கோபோலஸ் என்று சந்தேகிக்கலாம், எட்டு வித்தையும் ஒரே பொட்டலமாக வீசும். வெளிறிய கிண்ணத்தைச் சுற்றி இமைமயிர் போல் விறைத்த முடி நின்றால் லாசியோபோலஸ். மாட்டுச்சாணியில் ஆரஞ்சு நிறம், விளிம்பில் முடி என்றால் கெய்லிமீனியா. இனம்வரை போக நுண்ணோக்கி வேண்டும். பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கமில்லை. 1930-களிலேயே மஹ்ஜு, கினாய் போன்ற ஆய்வாளர்கள் இந்தியச் சாணிப் பூஞ்சைகளைப் பற்றி எழுதிய கட்டுரைகள் இந்தியத் தாவரவியல் கழக இதழில் வந்துள்ளன. அவர்களும் இப்படித்தான் சாணியைக் குனிந்து பார்த்திருப்பார்கள்.

பார்த்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டப்பாமேல் ‘புழுக்கை’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காப்பிக்கொட்டை மாதிரியே இருக்கும்.